துணி காயும் பக்கம்

அவள் பேரைச் சொல்ல மாட்டேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் விடியக்காலை தோறும் அந்தப் பேரைக் கூப்பிட்டே கணக்கப்பிள்ளை அதை அழுக்காக்கி வைத்திருந்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், கடைசி அறையில் இருந்ததால், நாங்கள் கடைசிக் காம்பராக்காரி என்றுதான் சொல்வோம். அவளும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் கண்ணை மூடி ஒரு தீபாவளி கடந்துவிட்டது.

ஆள் குள்ளம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தால், பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கூடை மட்டும் போவது போலிருக்கும். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது ஏசினாலும், கேலி செய்தாலும், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு "சரிங்க" என்பாள். பயந்தவள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். அவளைத் தெரிந்த எங்களுக்கு அந்தச் "சரிங்க" காதில் விழுந்தால் புரிந்துவிடும். யாருக்கோ ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். எப்போது வரும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

புருசன் செத்து இரண்டாம் வருசம், லயத்தின் நடுக் காம்பராவில் ஒரு கல்யாணம். வெற்றிலைத் தட்டோடு ஒவ்வொரு வாசலாக வந்து அழைத்தார்கள். கடைசி வாசலுக்கு மட்டும் போகவில்லை. தாலி அறுத்தவள் வாசலில் நல்ல காரியத்துக்கு என்ன வேலை என்று கல்யாண வீட்டுக்காரி வெளிப்படையாகவே சொன்னாள். இவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள்.

எங்கள் லயத்துக்கெல்லாம் தண்ணீர் ஒரே பீலியில்தான். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும். கல்யாணத்தன்று விடியுமுன் கல்யாண வீட்டுப் பெண்கள் குடத்தோடு போனால், பீலிக்கு நேரே குந்திக்கொண்டு இவள் கம்பளி துவைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கம்பளி மலை போலக் கிடக்கிறது.

"ஏன்டி, கல்யாண வூட்டுக்குத் தண்ணி வேணாமா?"

"வேணுங்க. யாரு வேணாங்கிறா? கம்பளி முடிஞ்சதும் புடிச்சிக்கங்க."

"எம்புட்டுக் கம்பளிடி வச்சிருக்க?"

"லயத்துக் கம்பளி பூராவும் வாங்கியாந்துட்டேன். சம்பந்தி வீட்டாளுங்க வராங்கல்ல, நாத்தம் அடிச்சா நமக்குத்தானே அசிங்கம்?"

யாரையும் தள்ளவில்லை, ஏசவில்லை. கம்பளி துவைத்தாள். ஒவ்வொன்றையும் அடித்து, அலசி, மறுபடி அடித்தாள். அங்கே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி ஒரு வாய் தேத்தண்ணிக்குக் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் கல்யாண வீட்டுக்காரி வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்கே ஓடிவந்தாள். இவள் கையைத் துடைத்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு, அந்த நிமிசமே எழுந்து இடம் விட்டாள். கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று அட்சதையும் போட்டாள்.

இது சின்னப் பழி. பெரிய பழியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கணக்கப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எங்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவன். பிரட்டுக்களத்தில் நின்று பேரை இரண்டு தரம் கூப்பிடுவான். இரண்டாம் தரத்துக்குள் "இருக்கேங்க" என்று குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான். முழு நாள் மலையில் நின்றாலும் அரை நாள் சம்பளம். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவந்தவளுக்கும் அரைப் பேர், வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்து வந்தவளுக்கும் அரைப் பேர். அதை அவன் சிரித்துக்கொண்டு சொல்வான்.

இவள் மகனுக்குக் கல்யாணம் ஆனது. ஒரே காம்பரா. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே, இவள் அடுப்படியில். மூங்கிலும் பழைய தகரமும் சேர்த்து வாசலை ஒட்டி, சமைக்கவும் படுக்கவும் ஒரு குசினி இறக்கினாள். புது மண் பூசி, கோலம் போட்டு, முதல் சோறு வைத்தாள். அது வேகுமுன் கணக்கப்பிள்ளை ஆட்களோடு வந்துவிட்டான். தோட்டத்து நிலத்தில் தொரையைக் கேட்காமல் ஒரு கம்பும் நடக் கூடாதாம். அடுப்பு எரிய எரியத் தகரத்தைப் பிடுங்கினார்கள். மண் சுவர் சோற்றுப்பானை மேலேயே விழுந்தது.

"ஐயா, ஒரே காம்பராவுல மகனும் மருமகளும் இருக்காங்க. நான் எங்கங்க படுக்கிறது?" என்று கேட்டாள்.

"ஒங்களுக்கெல்லாம் என்னாத்துக்கு ரெண்டு குசினி? நெருக்கமா கெடந்து பழகுனதுங்கதானே!" என்றான். கூட வந்த ஆட்களும் சிரித்தார்கள். அவர்களும் லயத்து ஆட்கள்தான்.

இவள் பானையை எடுத்து, மேலே கிடந்த மண்ணை வழித்துப் போட்டாள். "சோறு வெந்திருச்சுங்க ஐயா. சாப்புட்டுப் போங்க" என்றாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான். அப்புறம்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "சரிங்க."

அந்த மாதமே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பல வருசம் கழித்துத்தான் வந்தாள். பவுன் கொண்டுவருவாள், டீவி கொண்டுவருவாள் என்று பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒரு கதை சொன்னாள்.

"அங்க மனுசங்க ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் குடியிருக்காங்க புள்ள. அடியில கடை, மேல வீடு, அதுக்கும் மேல வீடு. உப்பு முடிஞ்சா எறங்கி வாங்கிட்டு, ஒலை கொதிக்கிறதுக்குள்ள ஏறிடலாம்."

"இங்க மட்டும் என்னவாம்? லயத்துலயும் நெருக்கமாத்தானே இருந்தோம்?" என்றேன்.

"நெருக்கத்துல என்ன குத்தம்? தொரைக்குச் சொந்தமான நெருக்கம் அது. நம்ம சொந்தத்துல நெருக்கமா இருந்து பாக்கணும்."

அவள் வந்தபோது லயம் காலியாகிக்கொண்டிருந்தது. மண் சரியும் என்று சொல்லி எங்களுக்கெல்லாம் தனி வீடு கொடுத்தார்கள். ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம், பச்சைக் கூரை, படத்துக்கு அழகாயிருக்கும். ஆனால் எல்லாம் மேல்மலை உச்சியில், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். கடை கிடையாது, பஸ் கிடையாது. மருந்து வாங்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, எல்லாவற்றுக்கும் கீழே ரோட்டுச் சந்திக்கு இறங்க வேண்டும். முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் அன்றையச் சம்பளம் அதோடு சரி. இடத்தைத் தேர்ந்தவர்களில் கணக்கப்பிள்ளையும் ஒருவன். சந்தியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அகலமான சமநிலம் கிடந்தது. லயத்தை அங்கே கொண்டுவரலாமே என்று கேட்டோம். ஓயா பெருகும், ஆற்றோரம் ஆபத்து என்றான். கொஞ்ச நாளில் அந்த நிலத்தில் அவன் வீடு எழும்பியது. பெரிய வீடு, ஆனால் ஒரே தட்டு, மேலே மாடி கிடையாது. சுற்றிலும் பூந்தோட்டம், ஆளுயர மதில், இரும்பு கேட், உள்ளே ஒரு வேன்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தது ஒரு மழைநாள் மத்தியானம். வழுக்குப் பாதையில் எந்த வண்டியும் மேலே ஏற மாட்டேன் என்றது. கம்பளியில் படுக்க வைத்து, மூங்கிலில் கட்டி, பிள்ளைகள் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இவள் முன்னால் ஓடி, கணக்கப்பிள்ளை கேட்டைத் தட்டினாள். அவனே வந்தான்.

"ஐயா, வேனைக் குடுங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும். மூச்சு முட்டுது அவருக்கு."

"சாவி மகன்கிட்டல்ல இருக்கு" என்றான். உள்ளே போய்விட்டான்.

அந்தக் கேட்டுக்கு வெளியே, மழையில், மூங்கிலை இறக்குமுன்னே என் வீட்டுக்காரர் உயிர் போனது. பொழுது சாயுமுன் அதே வேன் கடைப்பக்கம் போய் வந்ததைச் சந்தியே பார்த்தது.

நான் அழவில்லை. அவன் கேட்டுக்கு முன்னால் அழுவேனா? இவள் என் பக்கத்தில் நின்றாள். ஆனால் அவள் கண் கேட்டில் இல்லை. கேட்டை ஒட்டி, அந்த மதிலுக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் கடைக்கும் நடுவில், அவருடைய பாறைத் துண்டு ஒன்று கிடந்தது. காடு பிடித்த, அகலமே இல்லாத இடம். அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், "சரிங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் காரியம் முடிந்ததும் நானாவிடம் போனாள். நான்தான் துணைக்கு.

"அந்தக் கல்லுத் துண்டையா கேக்குறீங்க தங்கச்சி? ஆடு கட்டக்கூட எடம் காணாதே!"

"நான் ஆடு கட்டப் போறதில்லீங்க நானா."

சந்தியில் காணி விலை அப்போதே எங்களைப் போன்றவர்கள் வாயால் சொல்லக்கூடியதாக இல்லை. பாறை என்பதால்தான் அவளுக்குக் கட்டுப்படியானது. குவைத்தில் அவள் துடைத்த தரையெல்லாம் அந்தப் பாறைக்குள் போனது. கணக்கப்பிள்ளைக்கு விசயம் தெரிந்து, கூடுதலாகத் தருகிறேன் என்று நானாவிடம் ஓடினான். "வாக்குக் குடுத்திட்டேனே கணக்கப்பிள்ளை" என்று நானா கையை விரித்துவிட்டார்.

பாறையில் துளை போட்டுக் கம்பி இறக்கி, ஒல்லியாக ஒரு வீடு எழுந்தது. கட்டினது பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் கொத்தனார், மேசன் பாஸ் என்போம். அடித்தட்டை முடித்தார், கூலியை வாங்கினார், சாமானைக் கட்டினார். இவள் மேலே விரலைக் காட்டினாள். அடுத்த வருசம் அடுத்த தட்டு. மறுபடி சாமானைக் கட்டினார், மறுபடி விரலைக் காட்டினாள். "அக்கே, தவ தட்டுவக்த?" இன்னும் ஒரு தட்டா என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று தட்டு. நடுவில் படி, முன்னும் பின்னும் அறைகள். அடியில் இடியாப்பக் கடை ஒன்று, மருந்துக் கடை ஒன்று. வாசலில், கணக்கப்பிள்ளை கேட்டுக்கு ஒட்டினாற்போல, ஒரு தண்ணீர்க் குழாய். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் யாரும் பிடிக்கலாம். விடிந்ததிலிருந்து அங்கே குடமும் சிரிப்பும் ஊர்க்கதையும்தான். பூந்தோட்டத்தில் சாய்வு நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்தவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அறைகளை நகை வியாபாரியும் கேட்டான், மாணிக்கக்கல் வியாபாரியும் கேட்டான். கூடுதல் வாடகை தருவதாகச் சொன்னார்கள். அவள் மேல்மலையில் முடியாமல் கிடந்தவர்களைத்தான் கூட்டிவந்தாள். ஒரு காலை இழந்த பெரியவர் தங்கையா, மூன்று பிள்ளைகளோடு ஒருத்தி, மருந்துக்கு வாரம் தவறாமல் போகிறவர்கள், நான். கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள் என்றாள். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"துணி மட்டும் இந்தப் பக்கம்தான் காயப்போடணும்."

இந்தப் பக்கம் என்றால் கணக்கப்பிள்ளை வீட்டுப் பக்கம். ஒவ்வொரு தட்டிலும் மதிலுக்கு நேர் மேலே கம்பி கட்டியிருந்தாள்.

"அந்தப் பக்கம்தானே வெயில் கூடுதலா அடிக்குது?" என்று கேட்டேன்.

"அடிக்கட்டும். பிழியாமப் போடுங்க. பிழிஞ்சா நூலு அந்துரும்."

எங்கள் பாவாடையும் பிள்ளைகளின் மூத்திரத் துணியும் சொட்டுச் சொட்டாக அவன் ரோசாச் செடியில் விழுந்தன. அவன் பிரதேச சபைக்கு மனுப் போட்டான். ஒரு அதிகாரி வந்து படியைப் பார்த்தார், கக்கூசைப் பார்த்தார், எல்லாம் சட்டப்படி இருந்தது. இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை கீழே நின்று கத்துவான்.

"இது வூடா, கோழிக்கூடா? எம்புட்டுச் சனத்தடி அடைச்சு வச்சிருக்க?"

இவள் மேலிருந்து எட்டிப் பார்ப்பாள். "நெருக்கமா கெடந்து பழகுனதுங்கதானேங்க ஐயா" என்பாள், குழந்தைக்குச் சொல்வது போல.

இதோடு முடிந்திருந்தால்கூட எனக்குப் போதாது. என் கணக்கு வேறு.

போன வருசம் பெய்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். பாதுகாப்பு என்று எங்களைக் கொண்டுபோய் வைத்தார்களே, அந்த மேல்மலை, அதில் வாசலுக்கு வாசல் நிலம் வெடித்தது. உடனே இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்கள். போய் ஒதுங்கச் சொன்ன பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தின் மேல் தண்ணீர். இறங்கினவர்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இவள் படியில்தான் ஏறினார்கள். ஒவ்வொரு அறையிலும் மூன்று குடும்பம், நான்கு குடும்பம். மத்தியானத்துக்குள் ஓயா ரோட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வீடு பாறையில் இருந்தது, அடிக் கடைக்குள் மட்டும் தண்ணீர். அவன் வீடு பள்ளத்துச் சமநிலம். ஆளுயர மதில் முதலில் வெள்ளத்தை வெளியே வைத்திருந்தது. கேட் இடுக்கு வழியாக உள்ளே புகுந்தபிறகு வெளியே போகவும் விடவில்லை. வேன் தோட்டத்தில் மிதந்து திண்டாடியதை மேலிருந்து பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கணக்கப்பிள்ளை மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தான். மறு கையில் குடை, விரித்தபடி.

இவளுக்கு அப்போது கால் வீங்கி நடக்க முடியாது. இரண்டாம் தட்டுப் படித்தலைப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"அம்மா, நீங்க மேல போங்க. துணி மாத்துங்க" என்று அந்த மனைவியை உடனே அனுப்பினாள். அவன் படியில் கால் வைத்தான்.

"நில்லுங்க ஐயா. பேர் கூப்புட வேணாமா?"

கையில் காகிதம் கிடையாது. மேல்மலையிலிருந்து வந்தவர்கள் பேரையெல்லாம், அவன் பிரட்டுக்களத்தில் கூப்பிடும் அதே ராகத்தில், ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். மேல் தட்டுகளிலிருந்து "இருக்கேங்க", "இருக்கேங்க" என்று குரல் வந்தது. அவன் முழங்கால் தண்ணீரில் குடையோடு நின்றான். கடைசியாக என் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டாள்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. அவனைப் போலவே இரண்டாம் தரம் கூப்பிட்டாள்.

"வரலியா? எங்க போனாரு? ஐயா, ஒங்க கேட்டுகிட்ட யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாருங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். இரும்புக் கேட்டின் மேல்பாதியும் கூர்முனைகளும் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. திரும்பும்போது அவன் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் இத்தனை காலம் இருந்தேன்.

"அன்னிக்கு... சாவி..." என்றான்.

"சரிங்க" என்றாள் இவள். "ஐயாவுக்கு இன்னிக்கு அரைப் பேர். மேல வாங்க."

அவனுக்கு என் அறையில்தான் இடம். சுவரோரம் தங்கையா, நடுவில் பிள்ளைகள், வாசலோரம் நான். எனக்கும் கக்கூசுக்குப் போகும் வழிக்கும் நடுவில் அவன். போகிறவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டித்தான் போனார்கள். இவள் ஒரு தட்டில் சோறு கொடுத்து அனுப்பினாள். "அன்னிக்குச் சாப்புடாமப் போனீங்களாம், இன்னிக்காச்சும் சாப்புடச் சொன்னாங்க" என்று கொண்டுவந்த பிள்ளை ஒப்பித்தது. சாப்பிட்டான். பசித்தால் யாரும் சாப்பிடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் நகருங்கம்மா. கால நீட்ட முடியல" என்றான். அவன் என்னை 'ங்க' போட்டுப் பேசினது அதுதான் முதல் தரம்.

நான் நகரவில்லை.

மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. அவன் மனைவி அவனுடைய வேட்டியையும் சட்டையையும் அலசி, வாளியில் தூக்கிக்கொண்டு வந்து இவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இத எங்கங்க காயப்போடுறது?"

"நம்ம வூட்டுல ஒரு பக்கம்தாங்க துணி காயும்" என்றாள் இவள். என்னைப் பார்த்தாள்.

நான் வாளியை வாங்கிக்கொண்டு மூன்றாம் தட்டுக்கு ஏறினேன். கீழே சேறு படிந்த தோட்டத்தில் அவன் நின்று, ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நேர் மேலே, அவன் வேட்டியைப் பிழியாமல் போட்டேன்.